அம்மா அந்தக் கதையை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை

(2021 புரட்டாதியில், கொரோனா ஊரடங்குக்குள் வந்த கேள்வியும் அதற்கான பதிலும்.)

கேள்வி: யாழ்ப்பாணத்தில கோப்பாய்ப் பக்கம் இருக்கிறம் டொக்டர். எனக்கு 43 வயது. இவர் பருத்தித்துறை றூட்டில மினிபஸ் ஓடுறவர், இப்ப வேலை இல்லை. ஒரு மகன், ஓ.எல். சோதினை எடுக்கப்போறான். ஆனி மாதம் கொரோனாப் பயணக்கட்டுப்பாட்டுக்குள்ள அப்பா மாரடைப்பில மோசம் போயிட்டார். விடியப்புறம் நெஞ்சுக்குள்ள அமத்துது எண்டவர். "வாய்வு பிள்ளை, ஆசுப்பத்திரிக்குப் போனா இல்லாத வருத்தத்தையும் கொண்டுதான் வருவம்" எண்டு தானே மறிச்சவர். நானும் இஞ்சி அவிச்சுக் குடுத்துப்போட்டு இருந்தன். அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான் 1990 அம்புலன்சுக்கு அடிச்சன். பி.சி.ஆர். முடிவு வந்து உடம்பைத் தர அடுத்த நாள் பின்னேரமாப் போச்சு. கொரோனா இல்லை எண்டுதான் வந்தது. எண்டாலும் பதினைஞ்சு பேருக்கு மேல வரக்கூடாது எண்டிட்டினம். கனடா அண்ணாவும் பிரான்ஸ் தம்பியும் போனிலதான் பாத்தவை. பறையும் இல்லை, பந்தலும் இல்லை.

அண்டையில இருந்து அம்மா (71 வயது) அழேல்லை. அப்பாவைப் பற்றி ஒரு கதையும் இல்லை. ராவில மூண்டு மணிக்கு எழும்பி விறாந்தையில குந்தி இருக்கிறா. அப்பாவின்ர செருப்பு இன்னும் வாசல்படியில. எடுக்க விடுறா இல்லை. கட்டிலுக்குக் கீழ மூண்டு மூட்டை அரிசி, உப்பு, நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி. அறிவிப்புச் செய்துகொண்டு வாகனம் போனால் ஓடித்திரிஞ்சு யன்னலைச் சாத்தி லைற்றை நூக்கிறா. முந்தி ஒவ்வொரு பின்னேரமும் வாற பக்கத்து வீட்டு மாமியும் பயத்தில வாறதில்லை. எனக்கெண்டால் ஒரு நாளைக்குப் பத்துப் பன்ரண்டு தரம் காய்ச்சல் பாக்கிறது, விரலில ஒக்சிமீற்றர் போடுறது, கோப்பித்தூளை மணந்து பாக்கிறது. ரெண்டு ஊசியும் போட்டாச்சு, எண்டாலும் பயம். ராவில நெஞ்சு படபடத்து மூச்சு எடுக்கேலாமல் வரும். "ஷெல்லடிக்கயே சிரிச்சுக் கதைச்ச மனிசி, அவவின்ர பிள்ளை நீ. இதுக்கேன் தாயும் மகளும் இப்பிடி?" எண்டு இவர் கேக்கிறார். எங்களுக்கு விசரோ டொக்டர்?

பதில்: விசர் இல்லை சகோதரி. அதை முதலில் சொல்லிவிட்டு உங்கள் வீட்டுக்காரர் கேட்டதற்கு வருகிறேன். ஏனென்றால் இந்த ஒன்றரை வருடத்தில் என் மேசைக்கு முன்னால் இருந்து அதே கேள்வியைக் கேட்காத ஆட்கள் குறைவு. பெரும்பாலும் ஆண்கள்தான் கேட்பார்கள். கேட்கிற குரலில் பாதி ஏச்சு, பாதி பயம்.

"யுத்தத்தில நாங்கள் பாக்காததோ" என்று எல்லோரும் சொல்கிறோம். 1987 ஐப்பசியில் நாட்கணக்காக ஊரடங்கு பார்த்தோம். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு அந்த வெளிச்சத்தில் படித்தோம், சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். 2006இல் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதையைப் பூட்டினபோதும் இருந்தோம். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த நாட்களில் எதைப் பிடித்துக்கொண்டு தப்பினோம் என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். பொம்மர் சத்தம் கேட்டால் எங்கே ஓடினீர்கள்? பக்கத்து வீட்டுப் பங்கருக்குள். தென்னங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட குழிக்குள் இரண்டு மூன்று குடும்பம் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தது. அங்கே யாரோ ஒரு கிழவி தேவாரம் சொல்லுவா, யாரோ ஒரு பெடியன் பகிடி விடுவான். உங்கள் அம்மா சிரித்துக் கதைத்தது அங்கேதான். 1995இல் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோதும் போய்ச் சேர்ந்த இடம் பள்ளிக்கூடம், கோயில் மடம், முன்பின் தெரியாத ஒருவரின் மாட்டுக்கொட்டில். ஒரு வகுப்பறைக்குள் ஆறு குடும்பம். கஷ்டம்தான், சண்டையும் வரும், ஆனால் இரவு மூன்று மணிக்கு ஒருவர் எழும்பி இருந்தால் பக்கத்தில் இன்னொருவர் "என்ன, நித்திரை வரேல்லையே" என்று கேட்பார்.

அந்தக் காலத்தில் ஆபத்து ஆகாயத்திலிருந்து வந்தது, பாதுகாப்பு ஆட்களுக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது பக்கத்து ஆளின் மூச்சில்தான் ஆபத்து என்கிறார்கள். எங்களிடம் இருந்த ஒரே மருந்தையே எடுத்து நஞ்சு என்று போத்தலில் ஒட்டிவிட்டார்கள். போதாக்குறைக்கு வெட்கமும் சேர்ந்துகொண்டது. ஷெல் விழுந்த வீட்டை ஊரே போய்ப் பார்த்தது. தனிமைப்படுத்தல் கடதாசி ஒட்டின வீட்டை ஊர் றோட்டின் மற்றக் கரையால் கடந்து போகிறது. ஆகவே உங்கள் அம்மாவின் துணிவு கழன்றுபோய்விட்டது என்று நினைக்காதீர்கள். அந்தத் துணிவு வேலை செய்வதற்கு ஆள் வேண்டும், ஆள் இல்லை. வீட்டுக்காரரிடம் இதை இப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

இனி அம்மா. உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் வந்துபோகிற விசயத்தில்தான் நான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்: அரைகுறையாக முடிந்த அந்தச் செத்தவீடு.

செத்தவீட்டுச் சடங்குகளை வீண்செலவு என்று பேசுகிற ஆட்களில் நானும் ஒருவன். படிக்கிற காலத்தில் எட்டுச் செலவுச் சடங்கில் வைக்கிற பலகாரத்தைப் பார்த்துவிட்டுப் பெரிய பிரசங்கமே செய்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் அந்த 31 நாளும் என்ன நடக்கிறது என்று கவனித்தேன். ஆள் முடிந்த செய்தி கேட்டதும் ஒருவர் வருவார். கதிரையில் இருந்துகொண்டு முதல் கேட்பது, "எப்பிடி அக்கா நடந்தது? நேற்று முந்தநாளும் சந்தியில கண்டனே." அக்கா தொடங்குவா. "விடியப்புறம் எழும்பினவர்…" அழுவா. நிற்பாட்டுவா. திரும்பத் தொடங்குவா. அவர் போக அடுத்தவர். அதே கேள்வி, அதே கதை. 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிவதற்குள் அந்த மனிசி அந்தக் கதையை ஐம்பது அறுபது தரம் சொல்லி முடித்திருப்பா. முதல் நாள் சொன்ன கதை துண்டு துண்டாக இருக்கும், இடையில் குரல் அடைத்துவிடும். மூன்றாம் கிழமை சொல்லுகிற கதைக்கு ஒரு தொடக்கம் இருக்கும், ஒரு முடிவு இருக்கும், இடையில் "அதுக்குள்ளயும் தேத்தண்ணிக்குச் சீனி காணாது எண்டவர்" என்று ஒரு சிரிப்புக்கூட வந்துபோகும். அந்த முடிவு கதைக்குள் வந்துவிட்டால்தான் மனதும் அது முடிந்தது என்று ஏற்றுக்கொள்ளும். ஒப்பாரியும் அதே வேலையைத்தான் செய்கிறது, கட்டிப்பிடித்து அழுகிற ஆட்களின் தோளும் அதைத்தான் செய்கிறது. பிறகு கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்கிற சாட்டில் ஆளின் பிறப்பு, படிப்பு, உத்தியோகம், கலியாணம் என்று முழு வாழ்க்கையையும் வீட்டார் கூடி இருந்து ஞாபகப்படுத்துவார்கள். எங்களுடைய வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் துயர்ச் சிகிச்சை என்று பன்னிரண்டு பதினாறு அமர்வாக எழுதி வைத்திருப்பதில் பாதி இதுதான். எங்கள் ஊர் அதைப் பாய் விரித்து, வெற்றிலைத் தட்டு வைத்துச் செய்துகொண்டிருந்தது.

உங்கள் அம்மாவுக்கு அந்த வருத்தம் வந்தது, மருந்து வரவில்லை. பதினைந்து பேரும் முகமூடியோடு வந்து, கையெடுத்துக் கும்பிட்டு, நேரம் பார்த்துப் போய்விட்டார்கள். 47, 48 வருசம் கூட இருந்திருப்பாரா அப்பா? அவ்வளவும் வைபரில் நெட்வேர்க் விட்டு விட்டு வந்த அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிட்டது. அம்மா அந்தக் கதையை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. அழவில்லை என்பதன் அர்த்தம் அதுதான். கேட்க ஆள் இல்லாமல் கதை தொண்டைக்குள் நிற்கிறது.

என்ன செய்யலாம்? தனிமைப்படுத்தல் ஊரடங்கு இருக்கிறது, ஆட்களைக் கூப்பிட முடியாது. கூப்பிடவும் நான் சொல்லமாட்டேன். நாளுக்கு இருநூறு மரணம் என்று கணக்குச் சொன்ன ஆவணிக் கடைசியை இப்போதுதான் கடந்து வந்திருக்கிறோம். ஆனால் உங்களுக்கும் மாமி வீட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? மதிலா, வேலியா? கோப்பாய்ப் பக்கம் பின்வளவில் இன்னும் கிடுகு வேலி இருக்கிற வீடுகள் உண்டு. அந்தக் காலத்து வேலியில் ஒரு பொட்டு, சின்ன இடைவெளி, இருக்கும். குழம்புச் சட்டி போனதும் நெருப்புக் கொள்ளி வந்ததும் ஊர்க்கதை போய் வந்ததும் அதால்தான். மாமியோடு போனில் கதைத்து ஒழுங்கு செய்யுங்கள். வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கதிரை, அந்தப் பக்கம் ஒரு கதிரை, வேலியிலிருந்து இரண்டு இரண்டு பாகம் (கை இரண்டையும் விரித்த அளவு) தள்ளி. இருவருக்கும் முகமூடி. திறந்த வெளி, காற்றோட்டம் இருக்கிறது. பின்னேரம் ஒரு அரை மணித்தியாலம். மாமி கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று: "எப்பிடியடி நடந்தது?" புத்தி சொல்லவேண்டாம், "எல்லாருக்கும் ஒருநாள் இருக்குத்தானே" வேண்டாம், "நீ தைரியமா இருந்தாத்தான் பிள்ளையளும்" என்பது வேண்டவே வேண்டாம். அம்மா முதல் நாள் ஒன்றும் சொல்லாமல் வெங்காய விலையைப் பற்றிக் கதைத்துவிட்டு வரலாம். விடுங்கள். கதிரையை அடுத்த நாளும் வையுங்கள்.

அண்ணாவுக்கும் தம்பிக்கும் ஒரு வேலை கொடுங்கள். அவர்களும் செத்தவீட்டுக்கு வராத பிள்ளைகள். அந்தக் குற்ற உணர்வில்தான் நாளுக்கு நாலு தரம் அடித்து "அம்மா சாப்பிட்டாவோ, கவனமா இருங்கோ" என்று உங்களை வதைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். (நீங்கள் எழுதவில்லை, ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் இது நடக்கிறது.) அவர்கள் அம்மாவுக்கு நேராக எடுத்து அப்பாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்கட்டும். எந்த வருசம் கலியாணம், முதல் உத்தியோகம் எங்கே, சைக்கிள் என்ன விலைக்கு வாங்கினவர். மகன் அதைக் கொப்பியில் எழுதட்டும். அடிக்காமல் விட்ட கல்வெட்டை வருகிற ஆனியில் ஆண்டுத் திவசத்துக்கு அடிப்போம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அப்போது நிலைமை சரியாக இருந்தால் ஊரையும் கூப்பிடலாம். ஓ.எல். படிக்கிற பெடியனுக்கு சூம் வகுப்பைத் தவிர வேறு ஒரு வேலை கிடைப்பதும் நல்லதுதான்.

செருப்பு அங்கேயே கிடக்கட்டும். மூன்று மாதம் ஒரு காலமே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, நீண்ட துயர்க் கோளாறு என்று ஒன்றைச் சொல்வதற்கே ஆறு மாதமாவது போகவேண்டும் என்கிறது; அதையும் அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தை வைத்துத்தான் பார்க்கச் சொல்கிறது. எங்கள் வழக்கம் திவசம் வரைக்கும் ஒரு வருசம் தருகிறது. அம்மா திடீரென்று "அப்பா கூப்பிட்டது கேட்டது" என்று சொன்னாலும் பதறாதீர்கள். கனகாலம் கூட வாழ்ந்தவரை இழந்த ஆட்களுக்கு அந்தக் குரல் கேட்பதும், கண்ணில் நிழலாடுவதும் வழமையான ஒன்று. "என்ன சொன்னவர்?" என்று கேளுங்கள்.

அரிசி மூட்டையை எடுத்து வெளியே வைக்கவோ, பகிடி பண்ணவோ வேண்டாம். சீனிக்கும் பால்மாவுக்கும் அரசாங்கச் சதொசக் கடை வாசலில் வரிசை நிற்கிற மாதத்தில், அம்மா செய்வதைப் பிழை என்று நிரூபிக்க உங்களால் முடியாது, என்னாலும் முடியாது. ஒரு கணக்குக் கொப்பியைக் கொடுத்து அம்மாவையே களஞ்சியப் பொறுப்பாளர் ஆக்குங்கள். எவ்வளவு இருக்கிறது, எத்தனை நாளைக்குக் காணும், வண்டு பிடிக்காமல் வேப்பிலை போட்டாச்சா. பயத்துக்கு ஒரு அளவு கிடைத்தால் அது கொஞ்சம் அடங்கும். அளவு இல்லாத பயம்தான் கட்டிலுக்குக் கீழே போய்ச் சேருகிறது.

ஒலிபெருக்கி வாகனம் வேறு கதை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி ஒலிபெருக்கி அறிவிப்போடுதான் வலிகாமம் வெளிக்கிட்டது. உங்களுக்கு அப்போது 17 வயது, அந்தச் சனத்துக்குள் நீங்களும் நடந்திருப்பீர்கள். உங்கள் அம்மாவின் காதுக்கு இது சுகாதார அறிவித்தல் என்று தெரியும். உடம்புக்குத் தெரியாது. அது காதைக் கேட்காமலே யன்னலைச் சாத்துகிறது. அந்த நேரத்தில் "அது கொரோனா அறிவிப்பு அம்மா" என்று விளக்கம் சொல்லிப் பயன் இல்லை. கூடப் போய் ஒரு யன்னலை நீங்களும் சாத்துங்கள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள், உள்ளங்காலை நிலத்தில் அழுத்தி வைக்கச் சொல்லுங்கள், வாகனம் போன பிறகு இருவருமாக யன்னலைத் திறந்து முற்றத்தைப் பாருங்கள். மாமரம் நிற்கிறது, நாய் படுத்திருக்கிறது, இது 2021. பத்துத் தரம் இப்படிச் செய்தால் பதினோராவது தரம் ஒரு யன்னல் திறந்தபடி இருக்கும்.

நித்திரைக்கு யாராவது தந்த தூக்கக் குளிசையைக் கொடுத்துவிடாதீர்கள். இதை வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அயலட்டையில் குளிசைக் கடன் கொடுப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். 71 வயதில் அது தரும் மயக்கத்தில் இரவு கிணற்றடிக்குப் போய் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். பகலில் சாய்மனைக் கதிரையில் கண்ணயர்வதை அரை மணித்தியாலத்தோடு நிறுத்துங்கள், நாலு மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம், எந்த நேரம் படுத்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழும்பட்டும். அத்தோடு ஒரு சின்னக் கேள்வி: அம்மாவுக்குப் பிரசர், சீனி வருத்தம் ஏதும் இருந்தால் கிளினிக் மருந்து ஒழுங்காக எடுக்கிறாவா? இந்த மாதங்களில் மருந்து முடிந்ததைச் சொல்லாமல் இருந்த வயதானவர்களை நிறையக் கண்டிருக்கிறேன், வீட்டாருக்குக் கஷ்டம் கொடுக்கக்கூடாது என்று. இந்த ஊரடங்கு நாட்களில் கிளினிக் மருந்தைத் தபாலில் அனுப்பும் ஒழுங்கும் இருக்கிறது, உங்கள் கிளினிக்கில் கேளுங்கள்.

உங்களுக்கு வருகிறேன்.

தேர்மோமீற்றரை எடுக்கிறீர்கள், 98.4 என்கிறது, நெஞ்சு இறங்குகிறது. எவ்வளவு நேரத்துக்கு? பத்து நிமிசம் என்று வையுங்கள். பிறகு "இப்ப ஏறியிருந்தால்?" என்று ஒரு நினைவு வரும். திரும்ப எடுக்கிறீர்கள். ஒவ்வொரு தரமும் பார்த்து ஆறுதல் அடையும்போது மூளை படிப்பது "காய்ச்சல் இல்லை" என்பதை அல்ல, "பார்த்தபடியால்தான் தப்பினேன்" என்பதை. ஆகவே அடுத்த தரம் இன்னும் அவசரமாகக் கேட்கும். சொறிந்தால் சுகமாக இருக்கும், சொறியச் சொறியப் புண் பெரிதாகும், அதே கணக்கு. ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் உங்களால் முடியாது. காலை ஏழு மணிக்கு ஒருக்கால், பின்னேரம் ஆறு மணிக்கு ஒருக்கால்; எழுதி வையுங்கள். இடையில் கை போனால், "பத்து நிமிசம் கழித்துப் பார்க்கிறேன்" என்று கடிகாரத்தைப் பாருங்கள். முதல் இரண்டு நாளும் அந்தப் பத்து நிமிசம் பெரும் பாடாக இருக்கும். பதற்றம் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானாகவே இறங்கும். நீங்கள் ஒன்றும் செய்யாமலே இறங்கியது என்பதைக் கண்ணால் காண்பதுதான் மருந்து. கோப்பித்தூளைக் கோப்பிக்கு மட்டும் எடுங்கள்.

ஒக்சிமீற்றரை எறியச் சொல்லமாட்டேன், அதற்கு ஒரு வேலை இருக்கிறது. இரவில் வருகிற அந்தப் படபடப்பு பயத்தின் மூச்சு என்றே உங்கள் விவரத்தில் தெரிகிறது. பயத்தில் அளவுக்கு மிஞ்சி மூச்சை இழுத்து இழுத்து விடும்போது இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்துவிடும். அதனால்தான் விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் விறுவிறுக்கும், தலை சுற்றும், மூச்சுக் காணாது போல இருக்கும். காற்று கூடினதால் வருகிற மூச்சுமுட்டு அது. ஒக்சிமீற்றரில் 97, 98 நிற்கும். மூக்கால் நாலு எண்ணி இழுத்து, வாயால் ஆறு எண்ணி, சூடான தேத்தண்ணியை ஊதுகிற மாதிரி மெல்ல விடுங்கள். ஐந்து நிமிசம். காய்ச்சலும் இருமலும் இருந்து, அளவு 94க்குக் கீழே இறங்கினால், அல்லது நாலு அடி நடந்ததும் இறங்கினால், அது வேறு விசயம், யோசிக்காமல் 1990. நெஞ்சில் அமத்துகிற நோ, கைக்கோ தாடைக்கோ இழுக்கிற நோ, குளிர் வியர்வை, இதற்கும் அப்படித்தான். இஞ்சி அவிக்கவேண்டாம்.

அந்தக் கடைசி வரியை எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதினேன். ஏனென்றால் உங்கள் கடிதம் முழுக்க அந்த அரை மணித்தியாலம்தான் நடந்துகொண்டிருக்கிறது. உங்களைத் தேற்றுவதற்காக, "அரை மணித்தியாலம் முந்தியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது" என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு அது தெரியாது. மாரடைப்பில் நேரம் முக்கியம்தான். நீங்களும் அதை நம்பப் போவதில்லை. ஆனால் அந்த விடியப்புறத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். உங்கள் முன்னால் இருந்த தகவல் என்ன? வாய்வு என்று சொல்லிப் பழகின ஒரு மனிதர். ஆசுப்பத்திரிக்குள்தான் கொரோனா இருக்கிறது என்று வட்ஸ்அப் முழுக்க வந்துகொண்டிருந்த குரல் பதிவுகள். ஊசி அப்போதுதான் யாழ்ப்பாணத்துக்கு வரத் தொடங்கிய நேரம். அப்பா தன் வாயாலேயே வேண்டாம் என்றார், உங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்றும் நினைக்கிறேன். நீங்கள் அவர் சொல்லைக் கேட்டீர்கள். பயம் இருந்தும், அவர் மறித்தும், அரை மணித்தியாலத்தில் அதை மீறி அடித்ததும் நீங்கள்தான். தேர்மோமீற்றரை நாளுக்குப் பன்னிரண்டு தரம் எடுக்கிற கை, அன்றைக்குப் பிந்தியதற்காக இன்றைக்கு முந்தப் பார்க்கிற கை. நான் இதைச் சொன்னதும் குற்ற உணர்வு போய்விடாது. இந்த அரை மணித்தியாலத்தை அண்ணாவுக்கோ தம்பிக்கோ சொல்லியிருக்கிறீர்களா? இல்லை என்றுதான் படுகிறது. ஒருவருக்கு முழுதாகச் சொல்லுங்கள், இஞ்சி அவித்தது உட்பட. அம்மாவுக்கு மட்டும் கதை தொண்டைக்குள் நிற்கவில்லை.

செய்தி. தடைக்காலத்தில் பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவைக் கொழுவி இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை கேட்டோம். சுற்றுகிறவனுக்குக் கை நோகும். அதனால் அரை மணித்தியாலச் செய்தி, பிறகு அவ்வளவுதான், மற்றதெல்லாம் அடுத்த நாள். இப்போது ஒருவரும் பெடல் சுற்றவேண்டியதில்லை, போன் இருபத்துநாலு மணித்தியாலமும் தானாகவே கொட்டுகிறது. நானும் ஒரு காலம் தொற்று எண்ணிக்கை வருகிற நேரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தவன்தான். அந்த எண்ணைக் கண்டு நான் செய்த காரியம் ஒன்றும் இல்லை, சோறு செமிக்காமல் போனதைத் தவிர. இரவுச் செய்தி ஒன்றைக் குடும்பமாக இருந்து கேளுங்கள். குடும்பக் குழுவில் வருகிற குரல் பதிவுகளைத் திறக்காமலே அழியுங்கள். கனடா அண்ணா கோவிக்கமாட்டார்.

வீட்டுக்காரரைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதினீர்கள். ஓடாத பஸ்ஸும் கட்டவேண்டிய லீசிங்கும் கடன் தெண்டல்காரரும், கையில் இந்த ஊரடங்குக்கு அரசாங்கம் தருகிற 2,000 ரூபாவும் உள்ள ஒரு மனிதர் "இதுக்கேன் இப்பிடி" என்று மற்றவர்களைக் கேட்டால், தனக்கும் அப்படித்தான் என்று அர்த்தம். நித்திரை எப்படி, குடி கூடியிருக்கிறதா என்று மெல்லக் கேளுங்கள். பொழுதுக்கு வேலியின் பொத்தலை அடைக்கவோ, தோட்டத்தில் நாலு கத்தரி நடவோ விடுங்கள். கைக்கு வேலை கொடுத்தால் வாய் தானாகத் திறக்கும் ஆம்பிளைச் சாதி நாங்கள்.

அம்மா சாப்பாட்டைக் கைவிட்டு உடுப்புத் தொளதொளக்கிற அளவுக்கு மெலிந்தால், "அவர் போன இடத்துக்கே நானும்" என்ற கதை திரும்பத் திரும்ப வந்தால், அல்லது நாட்கணக்காக எழும்பிக் குளிக்க மறுத்தால் காத்திருக்கவேண்டாம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926க்கு எந்த நேரமும் அடிக்கலாம், அது தேசிய மனநல உதவி இலக்கம். உங்களுக்கும் அதே இலக்கம்தான். ஊரடங்குக்குள் வருவதென்றால் கிளினிக் கொப்பியைக் கையில் வைத்திருங்கள், மறித்தால் காட்டலாம்.

மற்றது, அந்தக் கதிரைகளை நாலு மணிக்கே போட்டால் பின்வளவில் மேற்கு வெயில் முகத்தில் அடிக்கும். வேலியின் நிழல் விழுகிற பக்கம் பார்த்து அம்மாவின் கதிரையைப் போடுங்கள். மாமிக்கு நேரத்தைச் சொல்லும்போது ஐந்து மணி என்று சொல்லுங்கள்.